நிற்கும் உரிமை

விளையாட்டைப் பற்றி எழுதப்படுவனவற்றிலே ஒரு கதை திரும்பத் திரும்பச் சொல்லப்பட்டு வருகின்றது. ஓட்டவீரன் ஒருவன் காயப்படுகிறான். ஓடலாகாது என வைத்தியர் தடுக்கிறார். அவன் கேளாது ஓடுகிறான். வெற்றி பெறுகிறான், அன்றேல் நொண்டி நொண்டியேனும் எல்லைக்கோட்டை அடைகிறான். பத்திரிகைகள் அவனுடைய நெஞ்சுரத்தைப் புகழ்கின்றன. பாடசாலைப் பரிசளிப்பு விழாக்களிற் பிரதம விருந்தினர் அவனை மாணவருக்கு உதாரணம் காட்டுகின்றனர். ஆனால் அதே காயத்தோடு புறப்பட்டு, பாதி வழியில் நின்று, வீதியோரத்தில் அமர்ந்துவிட்ட மற்றவனின் கதையை எவரும் சொல்வதில்லை. சொல்ல நேர்ந்தாலும் இரங்குவதற்காகவோ ஏளனஞ் செய்வதற்காகவோதான் சொல்கிறார்கள். இவ்விருவரிடையே உலகம் செய்யும் பாகுபாடு நியாயமானதுதானா என்பதை நாம் சற்று ஆராய வேண்டியிருக்கின்றது.

வினாவை நடைமுறை வாழ்க்கையில் வைத்தே பார்ப்போம். மரதன் ஓட்டம் இன்று ஒலிம்பிக் வீரர்களுக்கு மட்டும் உரியதன்று. 1970ஆம் ஆண்டில் நியூயோர்க் நகரின் மத்திய பூங்காவிலே முதன்முதலாக அந்நகரத்து மரதன் நடந்தபோது புறப்பட்டவர்கள் 127 பேர். முடித்தவர்கள் 55 பேர். 1976இல் அவ்வோட்டம் பூங்காவை விட்டு வெளியேறி, நகரின் ஐந்து பெரும் பிரிவுகளினூடாகவும் செல்லத் தொடங்கியது. 1981இல் இலண்டன் நகரமும் தனக்கென ஒரு மரதனை ஆரம்பித்தது. இப்பொழுது இத்தகைய நகரங்களில் ஒரே நாளில் 50,000 பேருக்கும் மேலாக வீதியில் இறங்கி ஓடுகிறார்கள். அவர்களுட் பெரும்பாலோர் ஆசிரியர்கள், தாதிகள், எழுதுவினைஞர்கள், சாரதிகள். பரிசை எண்ணி அவர்கள் ஓடுவதில்லை. நான்கைந்து மாதங்களாக விடியுமுன் எழுந்து, வேலைக்குப் போகுமுன் ஓடி, ஞாயிற்றுக்கிழமை ஓய்வையும் இழந்து தம்மைத் தயார் செய்தவர்கள். இவர்களுள் ஓர் ஆசிரியருக்கு, ஓட்டத்துக்கு இரண்டு மாதங்கள் இருக்கையிற் கணைக்காலில் நோவு ஏற்படுகின்றது எனக் கொள்வோம். ஆறு வாரம் பயிற்சி நின்றுவிடுகின்றது. பின்னர் மெல்ல ஓடிப் பார்க்கிறார். நோவு குறைந்திருக்கிறது, முற்றாக மறையவில்லை. நாளோ நெருங்கிவிட்டது. அவர் ஓடலாமா?

இது அவரவர் சொந்த விவகாரம், இதில் ஒழுக்கவியலுக்கு என்ன வேலை என்று கேட்போர் இருப்பர். தம் உடலைத் தாம் வருத்திக்கொள்ளும் உரிமை ஒருவருக்கு உண்டு என்பதை நாமும் மறுக்கவில்லை. ஆயின் அந்த ஆசிரியர் தனித்து நின்று முடிவு செய்வதில்லை. ஓட்டத்துக்கு முதல்நாள் இரவு அவருடைய அறையில் அவரோடு ஒரு சமுதாயமே அமர்ந்திருக்கின்றது. "என்ன, ஆயத்தமா?" என்று நாள்தோறும் கேட்ட சக ஆசிரியர்கள் இருக்கிறார்கள். தருமத்துக்கென அவருடைய பெயரிற் பணம் எழுதிக் கொடுத்தவர்கள் இருக்கிறார்கள். சிறு வயது முதல் அவர் படித்த, காயத்தை வென்ற வீரர்களின் கதைகளும் இருக்கின்றன. அவற்றின் குரலைத் தம் சொந்த நெஞ்சின் குரலென அவர் நம்பிவிடுகிறார். ஆதலால் அவருடைய முடிவு எவ்வளவு சொந்தமானதோ அவ்வளவு சமுதாயத்தினுடையதுமாகும்.

முதலில் உடலின் பக்கத்து நியாயத்தைக் கேட்போம். நாம் வைத்திய நிபுணர் அல்லோம். எனினும் பொதுவாக அறியப்பட்ட சில உண்மைகளை இங்கு குறிப்பிடாமல் மேற்செல்ல முடியாது. மரதனின் தூரம் 42 கிலோமீற்றரும் 195 மீற்றரும். மனித உடலின் இயல்பை ஆராய்ந்து எவரும் வகுத்த தூரமன்று இது. 1908ஆம் ஆண்டு இலண்டன் ஒலிம்பிக்கின்போது ஓட்டம் வின்சர் அரண்மனையிலே தொடங்கி, விளையாட்டரங்கில் அரச குடும்பத்தினர் அமர்ந்திருந்த இடத்தின் முன்னே முடிவுற்றது. அந்தத் தூரமே பின்னர் 1921இல் நிலைபெற்றுவிட்டது. தசைகளிலும் ஈரலிலும் சேமித்து வைக்கப்படும் மாச்சத்து ஏறக்குறைய 30ஆவது கிலோமீற்றரளவிலே பலருக்குத் தீர்ந்துவிடுகின்றது. எஞ்சிய தூரத்தை உடல் தன் பழக்கத்தைக் கொண்டே கடக்க வேண்டும். பழக்கம் என்று நாம் கூறுவது மாதக் கணக்கிற் செய்த பயிற்சியையே. ஒவ்வோர் அடியிலும் உடலின் நிறையைப் போல இரண்டு மூன்று மடங்கு பாரம் காலில் இறங்குகின்றது. அத்தகைய அடிகள் ஏறத்தாழ 40,000.

பயிற்சி நின்ற இரண்டு வாரங்களுக்குள்ளேயே குருதியின் திரவப் பகுதி குறைகின்றது. ஒட்சிசனை உள்வாங்கிப் பயன்படுத்தும் ஆற்றலும் தளர்கின்றது. மீண்டும் ஓடத் தொடங்கினால் நெஞ்சும் சுவாசப்பையும் சில வாரங்களிலே தேறிவிடும். எலும்பும் தசைநாணும் அவ்வாறல்ல; அவை தேற மாதங்கள் செல்லும். எலும்பு உயிருள்ள பொருள். பாரத்தைச் சுமக்கும்போது அது ஒருபுறம் கரைந்து மறுபுறம் கட்டப்பட்டுக்கொண்டே இருக்கின்றது. கட்டுவதிலும் பார்க்கக் கரைவது விரைந்தால் மயிரிழை போன்ற வெடிப்புத் தோன்றும். ஆகவே காயத்திலிருந்து மீள்பவருக்கு ஒரு விசித்திரமான ஏமாற்றம் காத்திருக்கின்றது. மூச்சு வாங்கவில்லை, நெஞ்சு படபடக்கவில்லை, பழைய வேகம் திரும்பிவிட்டது என அவர் மகிழும் வாரத்திலேதான் அவருடைய கணைக்கால் எலும்பு பெரும் ஆபத்தில் இருக்கின்றது. மனவுறுதியால் மூச்சைச் சற்றுக் கட்டுப்படுத்தலாம். எலும்புக்கு அந்தப் பாஷை தெரியாது.

இவ்விடத்திலே எதியோப்பியாவின் அபெபே பிக்கிலாவை நமக்கு நினைவூட்ட எவரேனும் முன்வருவர். நியாயமான ஆட்சேபந்தான். 1960இல் உரோமாபுரியின் வீதிகளில் வெறுங்காலோடு ஓடி வென்ற அந்த மனிதர், 1964 ஒக்டோபர் 21ஆந் தேதி டோக்கியோவில் மீண்டும் ஓடினார். அதற்கு ஏறக்குறைய ஐந்து வாரங்களுக்கு முன்னர் அவருக்குக் குடல்வால் அறுவைச் சிகிச்சை செய்யப்பட்டிருந்தது. பயிற்சி தடைப்பட்டது, வெல்வாரென எதிர்பார்த்தவர் சிலரே. அவரோ 2 மணி 12 நிமிடங்களில் ஓடி, அதுவரை எவரும் எட்டாத வேகத்தை நிலைநாட்டினார். இரண்டாவதாக வந்தவர் நான்கு நிமிடங்கள் பின்தங்கியிருந்தார். ஓட்டம் முடிந்ததும் பிக்கிலா புற்றரையிலே படுத்துத் தேகாப்பியாசம் செய்தமையைக் கண்டு அரங்கமே வியந்தது. மனமுண்டானால் இடமுண்டு என்னும் பழமொழிக்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுமா என்பர்.

ஆனால் அதே பிக்கிலா 1968இல் மெக்சிக்கோ நகரிலும் ஓடினார் என்பதை இக்கதையைச் சொல்வோர் ஏனோ சொல்வதில்லை. அம்முறை காயப்பட்டிருந்தது அவருடைய கால். ஏறத்தாழ 17 கிலோமீற்றர் ஓடியபின் அவர் நின்றுவிட்டார். நான்கு ஆண்டுகளில் அவரது மனவுறுதி குன்றிவிட்டது என்று கூற எவருக்குத் துணிவு வரும்? மனிதர் ஒருவரே, உரமும் ஒன்றே. டோக்கியோவிற் காயம் வயிற்றில் இருந்தது. பல ஆண்டுகளாகப் பழக்கப்பட்ட கால்கள் பழுதின்றி இருந்தன. மெக்சிக்கோவில் அந்தக் கால்களே பழுதுபட்டிருந்தன. டோக்கியோவின் வெற்றியில் மனத்துக்குரிய பங்கை நாம் குறைத்துப் பேச விரும்பவில்லை. ஆனால் முழுவதையும் மனத்தின் கணக்கில் எழுதிவிட்டால், மெக்சிக்கோவின் தோல்வியையும் மனத்தின் கணக்கிலேயே எழுதவேண்டி வரும். அது அவருக்குச் செய்யும் அநீதி. 1969இல் மோட்டார் விபத்தொன்றில் அவர் நடக்கும் ஆற்றலை இழந்தார். அதன் பின்னரும் சக்கர நாற்காலியில் இருந்துகொண்டு வில்வித்தைப் போட்டியிற் கலந்துகொண்டார். உறுதி இருந்தது, கால்கள் எழவில்லை.

மெக்சிக்கோவின் அதே ஓட்டத்திலேதான் தன்சானியாவின் ஜோன் ஸ்ரீபன் அக்வாரியும் ஓடினார். வழியில் விழுந்து முழந்தாளைக் காயப்படுத்திக்கொண்டார். கட்டுப்போட்ட காலோடு, வெற்றிபெற்ற மாமோ வோல்டே முடித்து ஒரு மணி நேரத்துக்கும் மேலான பின்னர், இருள் சூழ்ந்துவிட்ட அரங்கினுள் அவர் நொண்டிக்கொண்டே வந்தார். புறப்பட்ட 75 பேரில் முடித்தவர்கள் 57 பேர், அவர் ஐம்பத்தேழாமவர். தன் நாடு தன்னை அத்தனை தூரம் அனுப்பியது ஓட்டத்தைத் தொடங்குவதற்கல்ல, முடிப்பதற்கே என்ற கருத்துப்பட அவர் விடையளித்ததாகக் கூறுவர். அடிமைத்தளையிலிருந்து அண்மையில் விடுபட்ட ஆபிரிக்க தேசமொன்றின் மகன் அவ்வாறு உணர்ந்ததை நாம் மதிக்கிறோம். அது அவருடைய சொந்தத் தெரிவு. அதன் விலையையும் அவரே கொடுத்தார். அதிர்ஷ்டவசமாக அக்கால் தேறியது. 1970இல் எடின்பரோவிலே நடந்த பொதுநலவாய நாட்டு விளையாட்டுக்களில் அவர் மரதனில் ஐந்தாவதாக வந்தார்.

ஆயின் அக்வாரியின் சொற்கள் இப்பொழுது எங்கெல்லாம் ஒட்டப்பட்டிருக்கின்றன என்பதைக் கவனித்தால் சங்கடமாயிருக்கின்றது. முகாமையாளருக்கான கருத்தரங்குகளில் அவரது படத்தைத் திரையிலே காட்டுகிறார்கள். ஊழியர்கள் நோவைப் பொருட்படுத்தாது உழைக்க வேண்டும் என்னும் உபதேசத்துக்கு அவர் முகவுரையாகிவிட்டார். இங்கேதான் நாம் நின்று சிந்திக்க வேண்டும். வீங்கிய காலோடு கொழுந்துக் கூடையைச் சுமந்து சரிவில் ஏறும் தோட்டத் தொழிலாளிப் பெண்ணும் நோவைத் தாங்குகிறாள். முதுகு வலியோடு மூட்டை சுமப்பவரும், பகல் முழுவதும் நின்றபடி ஆடைத் தொழிற்சாலையில் வேலை செய்யும் யுவதியும் தாங்குகிறார்கள். அவர்களுக்கு எவரும் பதக்கம் சூட்டுவதில்லை என்பது ஒரு குறை. அதனிலும் பெரிய வேறுபாடு ஒன்று உண்டு. மரதன் ஓடுபவர் எந்தக் கிலோமீற்றரிலும் வீதியை விட்டு விலகலாம். அன்று மாலை அவர் வீட்டில் அடுப்பு எரியும். கூடை சுமப்பவள் நின்றால் அன்றைய சம்பளம் குறையும். நிற்கக்கூடிய ஒருவர் நிற்காமற் செல்வதாலேயே அவருடைய சகிப்புக்குப் பெருமை உண்டாகின்றது. நிற்க முடியாதவர்களுக்கு அதைப் பாடமாகப் போதிப்பது, அவர்களிடம் இல்லாத உரிமையை இருப்பதுபோலப் பாவனை செய்வதாகும். விளையாட்டின் உவமைகளைக் கொண்டு தொழிலின் துன்பத்தை அழகுபடுத்தும் எழுத்தை நாம் சந்தேகத்தோடேயே நோக்க வேண்டும்.

மீண்டும் நம் ஆசிரியரிடம் வருவோம். அவருக்கு நிற்கும் உரிமை இருக்கின்றது; ஆனால் அதைப் பயன்படுத்த அவர் நாணுகிறார். இந்த நாணம் என்பதைச் சற்று உற்று நோக்கினால் நம் வினாவின் மையத்தை அடையலாம் என நினைக்கிறோம். 

டோக்கியோவிற் பிக்கிலா வென்றதற்கு ஒரு வாரம் முன்னர், அதே அரங்கில் 10,000 மீற்றர் ஓட்டம் நடந்தது. அமெரிக்காவின் பில்லி மில்ஸ் வென்றார். நம் நாட்டவரான ரணதுங்க கருணானந்தவும் அதில் ஓடினார். அவருடைய இலக்கம் 67. மற்றையோர் அனைவரும் ஓடி முடித்த பின்னரும் அவருக்குச் சுற்றுக்கள் எஞ்சியிருந்தன. தன்னந்தனியே அவற்றை ஓடினார். முதலில் நகைத்த பார்வையாளர்கள் அடுத்த சுற்றில் மௌனமாயினர். இறுதியில் எழுந்து கைதட்டினர். யப்பானியப் பாடநூலிலே அந்நிகழ்ச்சி இடம்பெற்றது. இங்கே கருணானந்தவைத் தடுத்தது எது? எலும்பு முறியவில்லை. கால் வீங்கவில்லை. ஆயிரக்கணக்கான கண்களின் முன்னே கடைசியாக ஓடும் வெட்கம் ஒன்றுதான் அவரை நிறுத்தப் பார்த்தது. அந்த வெட்கத்தை அவர் மிதித்துக்கொண்டு ஓடினார். இதனை வீரம் என்பதில் நமக்கு ஐயமில்லை.

இதற்கு நேர்மாறாகத் தோன்றும் இன்னொரு நிகழ்ச்சியை அடுத்து வைக்கிறோம். பிரித்தானியாவின் போலா ரட்கிளிஃப் 2003இல் இலண்டன் மரதனை 2 மணி 15 நிமிடம் 25 விநாடியில் ஓடி, பெண்களின் உலக சாதனையை நிலைநாட்டியவர். மறு வருடம் அதென்ஸ் ஒலிம்பிக்கில் அவரே வெல்வார் என்று அவருடைய நாடு எதிர்பார்த்தது. ஓட்டத்துக்குச் சிறிது முன்னர் காலிற் காயம்; அதற்கு உட்கொண்ட மருந்து வயிற்றைக் கெடுத்தது. ஓகஸ்ட் மாதத்து வெயிலில் ஏறக்குறைய 36 கிலோமீற்றர் ஓடியபின் நின்றார், அழுதார், வீதியோரத்தில் அமர்ந்தார். பத்திரிகைகள் சில அவரை இடையிற் கைவிட்டவர் எனக் கடிந்தன. தேசமே தன்மீது பந்தயம் கட்டியிருக்கையில், உலகத்தின் தொலைக்காட்சிகள் அனைத்தும் பார்த்திருக்கையில் நிற்பதற்கும் உரம் வேண்டும் என்பதை அப்பத்திரிகைகள் எண்ணிப் பார்க்கவில்லை. அதே ஆண்டு நவம்பரில் அவர் நியூயோர்க் மரதனில் வென்றார். அதென்ஸில் எஞ்சிய ஆறு கிலோமீற்றரையும் எப்படியாவது இழுத்து முடித்திருந்தால் அது நிகழ்ந்திருக்குமோ என்று கேட்காமல் இருக்க முடியவில்லை. 2008இல் தொடை எலும்பில் வெடிப்புக் கண்டு பயிற்சி தடைப்பட்டது. அம்முறை பெய்ஜிங்கிலே புறப்பட்டார், வலியோடு முடித்தார், 23ஆவது இடம் கிடைத்தது. சாதனையாளர் ஒருவர் இருபத்து மூன்றாமவராக வருவதற்கும் வெட்கத்தை விழுங்க வேண்டும்.

கருணானந்த ஓடியதும் ரட்கிளிஃப் நின்றதும் ஒரே செயலின் இரு வடிவங்கள் எனவே நாம் கருதுகிறோம். இருவரும் பார்ப்பவர்களின் கண்களுக்குப் பணிய மறுத்தனர். ஆதலால் ஓடினாரா நின்றாரா என்று கேட்பதால் நமக்கு எதுவும் தெரியவராது. அவரைச் செலுத்தியது எது, தடுத்தது எது என்று கேட்க வேண்டும். நம் ஆசிரியரைத் தடுப்பது களைப்பும் சோம்பலும், பின்தங்கிவிடுவோம் என்ற நாணமும் ஆயின் அவர் ஓடட்டும். ஆறு மணி நேரம் சென்றாலும் ஓடட்டும். தடுப்பது எலும்பாயின், செலுத்துவது நாணமாயின், அவர் வீரத்தின் வேடத்திலே அச்சத்துக்குக் கீழ்ப்படிகிறார்.

மரதன் என்னும் பெயருக்கு மூலமான கதையே இதில் நம்மைக் குழப்பிவிட்டது போலும். போர்க்களத்திலிருந்து அதென்ஸ் வரை ஓடி, வெற்றிச் செய்தியைச் சொல்லி, வீழ்ந்து இறந்த தூதனை எல்லோரும் அறிவர். போரை எழுதிய ஹெரோடோற்றஸ் அப்படியொரு மரணத்தைக் குறிப்பிடவில்லை. அவர் கூறுவது உதவி கேட்டு ஸ்பார்ட்டாவுக்கு ஓடிய தூதனைப் பற்றியே. இறக்கும் தூதனைப் பல நூற்றாண்டுகளுக்குப் பின் வந்தவர்களே சேர்த்தனர். கட்டுக்கதையாயினும், அத்தூதனிடம் ஒரு நகரம் காத்திருந்த செய்தி இருந்தது. 1912இல் ஸ்ரொக்ஹோம் ஒலிம்பிக் மரதனில் வீழ்ந்து மறுநாள் இறந்த போர்த்துக்கேயர் பிரான்சிஸ்கோ லாசரோவிடம் எந்தச் செய்தியும் இருக்கவில்லை. அவர் ஒரு தச்சுத் தொழிலாளி.

வாக்குறுதி என்னும் நியாயம் ஒன்று எஞ்சுகின்றது. இது எளிதில் ஒதுக்கிவிடக் கூடியதன்று. இலண்டன் போன்ற நகரங்களில் ஓடுவோர் பலர் மருத்துவ ஆராய்ச்சிக்கும் அநாதைச் சிறுவர்க்கும் பணம் சேர்த்தே ஓடுகிறார்கள். "பணத்தை வாங்கிவிட்டேன், ஓடாமலிருப்பது எப்படி?" என்று நம் ஆசிரியர் கேட்பாராயின் அவரது மனச்சாட்சியை நாம் மதிக்க வேண்டும். ஆயினும் கொடுத்தவர்கள் எதற்காகக் கொடுத்தார்கள்? நோயாளிக்காகக் கொடுத்தார்கள். இன்னொரு நோயாளியை உண்டாக்குவதற்காக எவரும் கொடுத்திருக்க மாட்டார்கள். ஓட்டம் ஒரு சாட்டு, நன்கொடையே பொருள். உண்மை நிலையை அவர்களுக்கு எழுதிவிட்டு, பணத்தைத் திருப்பித் தரவா என்று கேட்டால் பெரும்பாலோர் வேண்டாம் என்பர். சிலர் கேட்கக்கூடும், அவர்களுக்குக் கொடுத்துவிடுவதில் அவமானமில்லை. வீதியில் வீழ்ந்தவரைத் தூக்குவோர் பலவிடங்களிலே சம்பளமின்றித் தொண்டு செய்பவர்கள் என்பதையும், ஒரு வண்டி ஒருவரை ஏற்றிச் செல்கையில் மற்றவர் காத்திருக்க நேரிடும் என்பதையும் அவர் எண்ணிப் பார்ப்பது நன்று.

இவ்வளவு சொல்லியும் அவர் வீட்டிலேயே இருந்துவிட வேண்டும் என்று நாம் தீர்ப்பு வழங்க வரவில்லை. தயாரிப்புக் குறைந்தவர் கடிகாரத்தை வீட்டில் வைத்துவிட்டுப் புறப்படலாம். பாதி ஓடிப் பாதி நடக்கலாம். எந்த நோவு வந்தால் எந்த இடத்தில் நிற்பது என்பதை முதல்நாள் மாலையே, நிதானமுள்ள ஒருவரோடு பேசி முடிவு செய்யலாம். 30ஆவது கிலோமீற்றரில், மாச்சத்துத் தீர்ந்து தலை சுழலும் வேளையில், அந்த முடிவை எடுக்கும் தகுதி எவருக்கும் இராது. வலியை மறைக்கும் மாத்திரையை விழுங்கிவிட்டுப் புறப்படுவதை மட்டும் நாம் ஒப்ப மாட்டோம். வழியில் தன்னோடு பேச வேண்டிய ஒரே சாட்சியின் வாயை அடைத்துவிடுவது அது. நெடுந்தூர ஓட்டத்தில் அத்தகைய மாத்திரைகள் சிறுநீரகத்துக்குத் தீங்கு செய்யும் என்பது வேறு.

நியூயோர்க் மரதனை 1970இல் தொடங்கி வளர்த்தவர்களுள் முதன்மையானவர் பிரெட் லெபோ. 1990இல் அவருக்கு மூளையிலே புற்றுநோய் இருப்பது தெரிந்தது. சிகிச்சைக்குப் பின்னர் நடக்கப் பழகி, மெல்ல ஓடப் பழகி, 1992 நவம்பரில், தமது அறுபதாவது வயதில், தாம் வளர்த்த அந்த ஓட்டத்திலே தாமும் புறப்பட்டார். அவ்வோட்டத்தில் ஒன்பது முறை வென்ற நோர்வேயின் கிரேற்ரே வைற்ஸ், அன்று போட்டியை விட்டு அவருக்குப் பக்கத்தில் அவருடைய வேகத்திலேயே ஓடினார். அத்தூரத்தை ஏறக்குறைய இரண்டரை மணி நேரத்தில் ஓடி முடித்துப் பழகியவர் அவர். அன்று அவர்கள் இருவரும் எல்லைக்கோட்டை அடைந்தபோது ஐந்தரை மணி நேரம் கடந்திருந்தது.